நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காரும் பூதம்

சிங்கப்பூருக்கு அக்கரையில், உலு திராம் என்ற ஊரில், லியாக்கத் அலியின் சாப்பாட்டுக் கடைக்கு ஒரே ஒரு முறை போய் வந்தவர்களுக்கும் நாசரின் குரல் நினைவிருக்கும். ஆளை மறந்திருப்பார்கள். ஒல்லி உடம்பு, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, தோளில் ஒரு துண்டு, நாற்பத்து மூன்று வயது. பார்த்த மறுநிமிடம் மறந்துபோவதற்கு எல்லாத் தகுதியும் உள்ள மனிதர். குரல் அப்படியில்லை. பதினான்காம் மேசையருகே நின்று அவர் ஒரு வார்த்தை விட்டால், அது சமையல்கட்டின் புகை உறிஞ்சும் காற்றாடியையும், ரொட்டிக் கல்லின் சடசடப்பையும், தொலைக்காட்சிப் பந்தாட்டத்தையும், சாலையில் போகும் லாரியையும் தாண்டிப் போய், கடையின் மறுகோடியில் தேநீர் கலக்கும் அக்பரின் காதில் நேராக விழும்.

அவர் கூவுவது என்னவென்று கேட்டீர்களானால், அங்கேதான் கதையே இருக்கிறது. மற்ற கடைகளில் இஞ்சித் தேநீர் வேண்டுமென்றால் ‘தே ஹாலியா ஒன்னு, சீனி கம்மி, பெரிய கிளாஸ்’ என்று கூவுவார்கள். நாசருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. தினமும் வருகிறவர் என்ன குடிப்பார் என்பது அக்பருக்கு மனப்பாடம். யார் வந்திருக்கிறார் என்று சொன்னால் போதும். ஆனால் உண்மைப் பெயரைச் சொல்லிக் கூவினால் அந்த ஆள் ‘என்னையா கூப்பிட்டீங்க?’ என்று எழுந்து வந்துவிடுவார். ஆகவே தினசரி ஆட்கள் ஒவ்வொருவருக்கும் நாசர் ஒரு பெயர் வைத்திருந்தார். எந்த மொழியிலும் இல்லாத பெயர், எந்த அர்த்தமும் இல்லாத பெயர். பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற அமலநாதன் ‘கொட்டாங்கோ’. யோங் பெங்குக்கும் இங்குக்கும் லாரி ஓட்டும் மூர்த்தி ‘பம்பாடூ’. அவர்களுக்கு இது எதுவும் தெரியாது. கடைக்காரர்கள் தங்களுக்குள் என்னவோ பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெயர் வைப்பதில் நாசருக்குச் சட்டதிட்டம் இருந்தது. ‘ஸ’வும் ‘ஷ’வும் ஆகவே ஆகாது, காற்றாடி அவற்றை விழுங்கிவிடும். முதல் எழுத்து மேசையைத் தட்டினாற்போல் விழ வேண்டும், அப்போதுதான் அக்பரின் தலை நிமிரும். கடைசி எழுத்து நெடிலாக இருக்க வேண்டும், ஏனென்றால் அக்பர் நிமிரும் வரைக்கும் அதை இழுத்துக்கொண்டே நிற்கலாம். நடுவில் என்ன போட்டாலும் சரி. இதை அவர் எங்கும் படிக்கவில்லை. சொந்த ஊரான பொந்தியானில் படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பு நின்றுபோனது. வாப்பா மௌத்தானபோது நாசருக்குப் பதினேழு வயது, கீழே மூன்று தங்கைகள். லியாக்கத் அலியின் கடையில் தட்டுக் கழுவ வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். மூன்று தங்கைகளையும் ஒவ்வொருவராகக் கட்டிக் கொடுத்தார். ‘உனக்கு எப்போ?’ என்று கேட்டவர்கள் கேட்டுக் கேட்டு அலுத்து, பிறகு அதைக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். அதில் நாசருக்கு நிம்மதி என்று எல்லோரும் நினைத்தார்கள். எல்லோரும் நினைப்பதெல்லாம் சரியாகவா இருக்கிறது?

கடைக்கு மேல்மாடியில் ஒரு விளையாட்டுக் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் ஆறே பேர். காதில் பெரிய ஹெட்போன்களை மாட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆறு பேர். அவர்களுக்குத் தலைவன் கென்னத். யோங் பெங் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன்; இப்போது இருபத்தொன்பது வயது. கைப்பேசியில் ஆடும் விளையாட்டு ஒன்றை மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்தார்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரு காட்டுக்குள் போக வேண்டும், முப்பத்திரண்டு பூதங்களை ஜெயிக்க வேண்டும். ஆளுக்கொரு மூலையில் இருந்துகொண்டு காதோடு காதாகப் பேசிக்கொண்டே ஆடலாம். எல்லாம் நன்றாகத்தான் வந்தது. பூதங்களின் பெயர்தான் வரவில்லை.

வரவில்லை என்றால், வந்த பெயர் வாயில் நுழையவில்லை. ஸிஃப்ராக்ஸெஸ் என்று ஒன்று. ஷேல்த்விஸ் என்று ஒன்று. திரையில் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் ஆடும்போது, கூட்டாளியின் முதுகுக்குப் பின்னால் அது வந்துவிட்டது என்று எச்சரிக்க வேண்டாமா? ‘டேய், பின்னாடி ஸிஃப்... ஸிஃப்ரா...’ என்று நாக்கைத் திருகிக்கொண்டிருக்கும்போதே பூதம் அவனை முழுங்கி ஏப்பம் விட்டுவிடும். ஆடிப் பார்த்தவர்கள் பேசாமல் ‘அந்தப் பச்சை’, ‘அந்தக் கொம்பு’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கென்னத்துக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் மாலை அவன் கீழே இறங்கி வந்து, “பாய், தினமும் மாடிப்படி வழியா கேக்குது. அது என்னா தண்ணி, கொட்டாங்கோ? மெனுவுல காணோமே லா,” என்று கேட்டான்.

நாசருக்கு முகம் செத்துவிட்டது. கையும் களவுமாகப் பிடிபட்ட திருடன் மாதிரி அவனைச் சமையல்கட்டுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், அது குடிக்கிற தண்ணி இல்லை, ஆள் என்று ஒப்புக்கொண்டார். யாரிடமும் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டார். கென்னத் சிரிக்கவில்லை. காற்றாடி, நெடில், மேசை தட்டும் எழுத்து எல்லாவற்றையும் வாய் பிளந்து கேட்டுக்கொண்டான். மறுநாள் காலையில் நாசரின் கைப்பேசிக்கு ஒரு பூதத்தின் படம் வந்தது.

அன்றிலிருந்து அந்தக் கடையில் நடந்ததை வெளியில் சொன்னால் நம்ப மாட்டார்கள். மேலேயிருந்து படம் வரும். நாசர் இரண்டு மேசைக்கு நடுவில் நின்று அதைப் பார்ப்பார். மூன்று வால், நெற்றியில் ஒரு வாய். சட்டினிக் கிண்ணத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து, “டொங்காரீ!” என்று கூவிப் பார்ப்பார். அக்பர் திரும்பினால் பெயர் தேறியது. கையில் இருந்த தேயை இழுத்து ஆற்றிக்கொண்டே இருந்தால் பெயர் தோற்றது, வேறு யோசிக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், அக்பர் கடமை தவறாத மனிதர். யாரோ புது ஆள் வந்திருக்கிறார் போலும் என்று ஒரு தேயைக் கலந்து அனுப்பிவிடுவார். அந்த மாதம் முழுக்க நாசரே எல்லாப் பூதங்களின் தேயையும் குடித்து, வயிறு உப்பி அலைந்தார். “இல்லாத பூதத்துக்கெல்லாமா என் பால்ல தே கலக்குறீங்க?” என்று லியாக்கத் அலி முறைத்தார். முறைத்தாரே தவிர, தன் பங்குக்கு இரண்டு பெயர் யோசித்துக் கொண்டு வந்து கொடுத்தார். இரண்டிலும் ‘ஸ’ இருந்தது. முதலாளி என்றுகூடப் பார்க்காமல் நாசர் தள்ளிவிட்டார்.

இருபத்து நான்கு பெயர் வந்தது. விளையாட்டை வெளியிட வேண்டிய நாள் நெருங்கிவிட்டது, எட்டுப் பெயர் பாக்கி. நாசருக்கும் சரக்கு தீர்ந்துபோனது. அப்போதுதான் கென்னத் கெஞ்சினான். கடை ஆட்களின் பெயரையே கொடுங்கள், அவர்களுக்குத்தான் அது தெரியாதே என்றான். நாசர் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஏழு பெயரைக் கொடுத்தார். கென்னத்துக்கு எட்டாவதாக எது வேண்டும் என்பது முதல் நாளிலிருந்தே தெரியும். மாடிப்படி வழியாக அவன் கேட்டதிலேயே அழகானது அதுதான். படிங்காரூ.

அதை மட்டும் தர மாட்டேன் என்றார் நாசர்.

படிங்காரூ யாரென்று இப்போது சொல்லிவிட வேண்டும். மூன்று கடை தள்ளித் தையல்கடை வைத்திருக்கும் நுஸ்ரத். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் சீருடையைப் பிடித்துக் கொடுப்பது, ஜிப் மாற்றுவது, பாஜு குரோங் என்ற மலாய் உடை தைப்பது என்று எந்நேரமும் தையல் மெஷினோடு மெஷினாக இருப்பவர். வயது முப்பத்தொன்பது. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், கறுப்புக் குடையோடு முதன்முதலாகக் கடைக்குள் வந்தார். ஓரமாக இருந்த நாற்காலி நனைந்திருந்தது. “நிக்கிறவங்களுக்கா பாய் கடை வச்சிருக்கீங்க?” என்று கேட்டார். நாசர் ஓடிப்போய்த் துண்டால் துடைத்தார். நுஸ்ரத் தன் கைக்குட்டையை எடுத்து அதை இன்னொரு முறை துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். நாசருக்குச் சுருக்கென்றது. திரும்பி அக்பரைப் பார்த்து, யோசிக்காமலே, “படிங்காரூ ஒன்னு!” என்று கூவிவிட்டார். மற்ற பெயர்களுக்கெல்லாம் ஒரு நிமிடமாவது யோசிப்பார். இது தானாக வந்தது.

நுஸ்ரத்தின் உம்மா ஒன்பது வருடம் தையல்கடையின் பின்னறையில் படுத்த படுக்கை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து பார்த்துக்கொள்ளும் இருபது நிமிடம்தான் நுஸ்ரத்துக்கு ஒரு நாளில் சொந்தமான நேரம். நாலு பத்துக்கு வருவார், நாலரைக்குப் போய்விடுவார். உம்மா மௌத்தாகி இரண்டு வருடம் ஆன பிறகும் அதே நாலு பத்து, அதே இருபது நிமிடம். பழக்கம் விடவில்லை. நாலு மணிக்கே நாசர் அந்த ஓர மேசையில் ஒரு தண்ணீர்க் கூஜாவை வைத்துவிடுவார், வேறு யாரும் உட்காராமல் இருக்க. பதினோரு வருடத்தில் இருவரும் பேசியது எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் வராது.

கென்னத் மூன்று வாரம் விடாமல் கேட்டான். கடைசியில் நாசர் ஒரே ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். அந்தப் பூதம் சாகக் கூடாது.

“சாகாத பூதத்த வச்சிக்கிட்டு என்னா பண்றது பாய்?” என்றான் கென்னத். அது உன் பாடு என்றார் நாசர். மேலே ஆறு பேரும் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். படிங்காரூவை எந்த ஆயுதமும் தொடாது. அது குடை விரித்து நிற்கும் இடத்துக்கு வேறு எந்தப் பூதமும் வராது. அதை அடிக்காமல், உட்கார ஒரு நாற்காலி போட்டால், உட்காரும். அது உட்கார்ந்திருக்கும் வரைக்கும் நம் காயமெல்லாம் ஆறிக்கொண்டே இருக்கும். இதை எங்கும் எழுதி வைக்கப் போவதில்லை, ஆடுகிறவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று முடிவானது. நாசருக்கு மெத்தத் திருப்தி.

அந்த எட்டுப் பூதங்களுக்கும் குணம் சொல்லுங்கள் என்று கென்னத் கேட்டபோது, நாசர் கிடங்கில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து கைப்பேசியில் பேசி அனுப்பினார். படம் வரைகிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்துப் பேசியது. புதிதாக ஜோடிக்க அவருக்குத் தெரியாது, தெரிந்ததைச் சொன்னார். கொட்டாங்கோ ஒரு கேள்வி கேட்டால் பத்துப் பதில் சொல்லும், ஒரே தேயை ஒன்றரை மணி நேரம் குடிக்கும். பம்பாடூ வருவது அரை மைலுக்கு முன்னாலேயே கேட்கும், தின்ற இடத்திலேயே தூங்கும். படிங்காரூவுக்கு வரும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. நாலு பத்துக்கு வரும். மழை இல்லாவிட்டாலும் கையில் கறுப்புக் குடை இருக்கும். நாற்காலியை நாம் துடைத்தாலும் அது ஒரு முறை துடைத்துவிட்டுத்தான் உட்காரும். யாரிடமும் பேசாது. பிறகு, முடித்துவிட்டதாக நினைத்துக் கையை எடுப்பதற்கு முன்னால், தனக்குத்தானே சொல்வதுபோல இன்னொன்றும் சொன்னார். “அது வராத நாள்ல கடை கடையா இருக்காது.”

இது இப்படி இருக்க, கீழே கல்லாவில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. கல்லாவில் உட்காருவது லியாக்கத் அலியின் மனைவி ஜொஹரா. கடை ஆட்களுக்கு அக்கா முறை, ராத்தா. அந்தத் தண்ணீர்க் கூஜா தினமும் நாலு மணிக்கு மேசை ஏறுவதைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். நுஸ்ரத்தின் உம்மா இருக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. இந்த வருடம் நாசரைக் கூப்பிட்டு, கல்யாணத்துக்கு நுஸ்ரத்திடம் கேட்டுப் பார்க்கட்டுமா என்றார். ஊரே கேட்கக் கூவுகிற மனிதர் துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தார். “கேட்டுப் பாருங்க ராத்தா,” என்று அவர் சொன்னது அடுத்த மேசைக்குக்கூடக் கேட்கவில்லை.

ஜொஹரா ரவிக்கை அளவு கொடுக்கும் சாக்கில் தையல்கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். நுஸ்ரத் தைத்துக்கொண்டே கேட்டார். நூலைக் கடித்து அறுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“ஒம்பது வருஷம் ஒருத்தர பாத்துக்கிட்டேன் ராத்தா. அது என் கடமை, குறை சொல்லல. நாசர் பாய்க்குச் சமைச்சுப் போட ஒரு ஆள் வேணுமா, இல்ல நான் வேணுமா? அத மட்டும் எனக்குத் தெரியணும்.”

 அதை நாசரிடம்தான் கேட்க வேண்டும் என்று ஜொஹரா உண்மையைச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றார் நுஸ்ரத். திரும்பி வந்த ஜொஹரா அந்தக் கேள்வியை வார்த்தை மாறாமல் நாசரிடம் ஒப்பித்தார். அன்றிரவெல்லாம் நாசர் அதற்குப் பதில் தேடினார். முப்பத்திரண்டு பூதங்களுக்குப் பெயர் கண்டுபிடித்த மூளை, ஒரு பெண்ணுக்குச் சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்காமல் புரண்டு படுத்தது.

சனிக்கிழமை தங்கை வீட்டு விசேஷத்துக்காக நாசர் பொந்தியான் போயிருந்தார். சாயங்காலம் நாலு ஐந்துக்கு மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடைக்குள் நுழைந்தவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விளையாட்டு அன்றுதான் வெளியாகியிருந்தது. நாசருக்கு நன்றி சொல்ல நினைத்து, மேல்மாடிக் கூட்டம் கடைக்குள் பெரிய பேனர் ஒன்றைக் கட்டியிருந்தது. எட்டுப் பூதங்கள், எட்டுப் பெயர்கள், ஒவ்வொன்றின் கீழும் அதன் குணம், மூன்று மொழியிலும். தமிழில் இருந்தது அச்சு அசல் நாசர் பேசியதுதான். நல்ல மனசோடு செய்தார்கள், அதில் சந்தேகமில்லை. அந்த ஆறு பேரும் நாலு மணிக்குக் கீழே வந்ததே இல்லை, ஆறு மணிக்குத்தான் அவர்களுக்குப் பசிக்கும். அதனால் படிங்காரூவின் முகம் அவர்களுக்குத் தெரியாது. காலியாக இருந்த ஒரே சுவரில் கட்டினார்கள். அந்தச் சுவர் ஓர மேசைக்கு நேர் மேலே.

பேனருக்குக் கீழே ஏற்கெனவே கூட்டம். அமலநாதன் கொட்டாங்கோவைப் படித்துவிட்டு, ஒன்றரை மணி நேரத் தே என்றால் தான்தானே என்று கண்டுபிடித்து, கோபித்துக்கொள்வதற்குப் பதிலாகப் பூரித்துப் போயிருந்தார். அறுபத்தாறு வயதில் யார் வந்து நம்மைப் பூதமாக்குகிறார்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மூர்த்தி பம்பாடூவின் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஐந்து நிமிடம் இருந்தது. ஏணியைக் கொண்டுவரலாம், பேனரைக் கிழித்துப் போடலாம், விளக்கையாவது அணைக்கலாம். நாசர் ஏணியைத் தேடிக் கிடங்குக்கு ஓடினார். ஏணியோடு அவர் திரும்பவும், நுஸ்ரத் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் ஏறவும் சரியாக இருந்தது. அந்த நொடியில் நாசர் செய்ததை எந்த எதிரியும் அவருக்குச் செய்திருக்க மாட்டான். பதினோரு வருடப் பழக்கம். கண் நுஸ்ரத்தைப் பார்த்தது, வாய் தானாகத் திறந்துகொண்டது.

“படிங்காரூ ஒன்னு!”

கூட்டம் மொத்தமும் பேனரைப் பார்த்தது. பிறகு குடையைப் பார்த்தது. நுஸ்ரத் கூட்டத்தைப் பார்த்தார், அவர்கள் பார்த்த இடத்தைப் பார்த்தார். பக்கத்தில் போய் நின்று படித்தார். அவசரப்படவில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், தைக்க வேண்டிய துணியில் அளவு பார்ப்பதுபோல நிதானமாகப் படித்தார். அக்பர் தேயைக் கலந்து கொண்டுவந்து வைத்தார். நுஸ்ரத் அதைத் தொடவில்லை. நாற்காலியைத் துடைக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாசர் ஏணியைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.

விஷயம் தெரிந்து கென்னத் படியிறங்கி ஓடி வந்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை. பேனரைக் கழற்றினான். இப்போதே போய்க் காலில் விழுகிறேன் என்று கிளம்பியவனை ஜொஹராதான் பிடித்து உட்கார வைத்தார். “வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒருத்தரும் அந்தக் கடைப்பக்கம் தலை வச்சிப் படுக்கக் கூடாது. சொல்லிட்டேன்.” லியாக்கத் அலி உட்பட எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்த ஐந்து நாள் கடை பட்ட பாடு பெரும்பாடு. இனி யாருக்கும் பெயர் வைத்துக் கூப்பிட மாட்டேன் என்று நாசர் சபதம் எடுத்துக்கொண்டார். ‘ஐயா அமலநாதனுக்கு தே ஓ ஒன்னு, சீனி கம்மி’ என்று பால் ஊற்றாத ஒரு தேநீருக்கே முழு நீளத்தில் சொன்னார். பாதிக்குமேல் காற்றாடி தின்றது, அக்பர் குழம்பிப்போய் ஆளுக்கொன்றாகத் தேயை மாற்றிக் கொடுத்தார். பூதப் பெயரால் கூப்பிட்டால்தான் குடிப்பேன் என்று அமலநாதன் முறுக்கிக்கொண்டார். நாசர் மசியவில்லை. நாலு மணியானால் மட்டும் தண்ணீர்க் கூஜாவைக் கொண்டுபோய் ஓர மேசையில் வைத்தார். நாலரைக்கு எடுத்தார். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன்.  இந்த மனிதருக்கு இதைக்கூடக் கொடுக்காமல் பிடுங்கிவிட்டோமே என்று கென்னத் மாடிப்படியில் உட்கார்ந்து அழுததை அக்பர் பார்த்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆ தொழுகை முடித்து வந்த கூட்டம் சாப்பிட்டுக் கலைந்தது. நாலு மணிக்குக் கூஜா மேசை ஏறியது. கென்னத் முதல் முறையாக நாலு மணிக்குக் கீழே இறங்கி வந்து, அமலநாதனுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தான். நாலு பத்துக்கு, சுள்ளென்று வெயில் அடிக்க, கறுப்புக் குடையோடு நுஸ்ரத் உள்ளே வந்தார்.

கையில் கைப்பேசி இருந்தது. முதலில் அமலநாதனின் மேசையருகே நின்றார். “உங்கள திங்கக்கிழமையே முடிச்சிட்டேன் சார்,” என்றார். மூர்த்தியைப் பார்த்து, “உங்கள கொல்லத்தான் ரெண்டு தடவ ஆச்சு,” என்றார். அந்த இரண்டு ஆண்களும் பிரமை பிடித்தாற்போல் உட்கார்ந்திருக்க, ஓர மேசைக்குப் போய் நாசருக்கு எதிரில் நின்றார். ஐந்து நாளாகத் தையல்கடையில் என்ன நடந்தது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. ஊசியில் நூல் கோத்துப் பழகிய விரலுக்கு முன்னால் முப்பத்தொரு பூதங்களும் எம்மாத்திரம்?

“இது ஒன்னுதான் சாக மாட்டேங்குது,” என்று கைப்பேசியை நீட்டினார் நுஸ்ரத். “அஞ்சு நாளா அடிக்கிறேன்.”

நாசர் திரையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

“அத அடிக்கக் கூடாது.”

“பின்ன?”

“நாற்காலி போடணும்.”

நுஸ்ரத் உட்காராமல் நின்றார். நாசருக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் கூஜாவை எடுத்துக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். தோள் துண்டை எடுத்து, கால் முதல் முதுகு வரை துடைத்தார். நுஸ்ரத் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். நாற்காலியைப் பார்த்தார். கைக்குட்டையைக் கையிலேயே மடித்து வைத்துக்கொண்டு, துடைக்காமல் உட்கார்ந்தார்.

கல்லாவில் ஜொஹரா மூச்சை விட்ட சத்தம் லியாக்கத் அலிக்குக் கேட்டது.

“அந்த பேனர்ல கடைசி வரி,” என்றார் நுஸ்ரத், “அது கென்னத் எழுதுனதா, நீங்க சொன்னதா?”

“நான் சொன்னது.”

“விளையாட்டுக்காகவா?”

நாசர் வாய்க்குள் என்னவோ முனகினார்.

“கேக்கல பாய். காத்தாடி ஓடுது.”

நாசர் நிமிர்ந்தார். பதினான்காம் மேசையிலிருந்து கூவிக் கூவி வளர்ந்த குரல், இத்தனை வருடமும் வேறு எதற்கெல்லாமோ செலவானது. இப்போது அதை முழுசாக எடுத்தார்.

“விளையாட்டுக்குச் சொல்லல. நீங்க வராத நாள்ல கடை கடையா இல்ல. சமைக்கிறதுக்கு எனக்கு ஆள் வேணாம், நானே சமைப்பேன். நீங்க வேணும்.”

மறுகோடியில் அக்பர் திரும்பிப் பார்த்தார். ரொட்டி போடுகிறவர் திரும்பிப் பார்த்தார். சாலையில் போன ஒருவர்கூடச் சைக்கிளை நிறுத்திப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். நாசரின் காது சிவந்துபோயிருந்தது, ஆனால் பார்வையைத் தாழ்த்தவில்லை.

நுஸ்ரத் கைப்பேசியை மேசையில் வைத்தார். பிறகு அக்பர் இருக்கும் பக்கம் திரும்பினார். பதினோரு வருடத்தில் அந்தக் கடையில் ஒருமுறைகூட உரத்துப் பேசாத பெண்மணி. முதல் எழுத்தை மேசை தட்டினாற்போல் போட்டு, கடைசி எழுத்தை இழுக்க வேண்டிய அளவுக்கு இழுத்து, கூவினார்.

“படிங்காரூ ரெண்டு!”

அக்பர் ரெண்டு விரலைக் காட்டி, ரெண்டா என்று கேட்டார். ரெண்டுதான் என்று கல்லாவிலிருந்து ஜொஹரா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அமலநாதனுக்குப் பின்னாலிருந்து கென்னத் எழுந்து நின்று கைதட்டப் போக, அவர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

நாசர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். இருபத்தாறு வருடத்தில் வேலை நேரத்தில் அவர் அந்தக் கடையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவர் உட்காருவதற்கு முன்னால் நுஸ்ரத் கை நீட்டி, மடித்து வைத்திருந்த கைக்குட்டையால் அந்த நாற்காலியைத் துடைத்துவிட்டிருந்தார்.